அம்மாவின் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், மன்னித்துக்கொள், பேனா இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. இங்கே நானும் உன் அண்ணனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மாலை வகுப்பில் எழுத்துக் கற்றதிலிருந்து கடைத்தெருப் பலகைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டேன், அதுவும் சத்தமாக, அண்ணன் என்கூட நடக்கவே வெட்கப்படுகிறான்.

ஆனால் மனசு சரியில்லையம்மா. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கக் கல்லறைக்குப் போனேன். அந்த வரிசையில் கல் வைக்க நகராட்சி விடுவதில்லை, எண் போட்ட கட்டை மட்டும்தான், உனக்குத் தெரியும். அம்மாவின் மேட்டைச் சுற்றி, புதுக் குழி வெட்டப்போகும் இடத்துக்குப் போடுகிற சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் தையற்காரரின் தாயார் இருந்த இடத்தைத் தோண்டி வேறு யாரையோ வைத்துவிட்டார்கள். மறுநாள் நகராட்சிக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் வருஷத்துக்குக் கடைசி இரண்டு எண் மட்டும் போட்டு வைத்திருந்தார்களாம், இந்த இரண்டாயிரமாவது வருஷம் இரண்டு சைபராகப் பிறந்ததும் அது நூறு வருஷம் பின்னால் போய்விட்டதாம். அதன் கணக்குல உங்க வீட்டம்மா இன்னும் சாகவே இல்ல தாத்தா, அதான் இடம் காலின்னு காட்டுது என்றான் குமாஸ்தாப் பையன். சாகலைன்னா வீட்டுக்கு அனுப்பி வையப்பா, சமைக்க ஆளில்ல என்றேன். சரிசெய்கிறவர் வரும்வரை கம்ப்யூட்டர் காட்டுகிற இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவாம். தண்ணீர் வரி, பிறப்புச் சான்று என்று எல்லா ஜன்னலிலும் இதே கூத்து.

வீட்டுக்கு வந்து ஒரு பலகையில், இங்கே என் மனைவி இருக்கிறாள், தோண்டாதீர்கள் என்று பெயிண்டால் நானே எழுதி, கொண்டுபோய் நட்டேன். பிழையே இல்லை என்று மாலை வகுப்பு டீச்சரம்மா சொன்னார். இன்று காலை அங்கே போயிருந்தேன். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பெரியவரே போட்டிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதே என்றார். படித்துக் காட்டினேன். இன்னிக்கு நான் போறேன், நாளைக்கு யாரை அனுப்புவாங்களோ, எங்க ஆளுங்க யாருக்கும் படிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் தினமும் விடிந்ததும் போய் உட்காரப் போகிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்ட வேண்டுமே. அண்ணன் திட்டுகிறான், திட்டட்டும். நீ அழாதே, வேளைக்குச் சாப்பிடு, குழந்தையைக் குளிரில் விடாதே. நகராட்சித் தலைவருக்கு நீயும் ஒரு கடுதாசி போடு, மறந்துவிடாதே. மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். அடுத்த வாரம் எழுதுவேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான்.

உன் அப்பா