ஆலந்துறைக் குடில்களை மீளத் திறக்க விடுத்த ஓலை

வானம் பொய்யாதிருக்க, நிலம் கைவிடாதிருக்க, வந்தாரும் இருந்தாரும் ஒருங்கே வாழ்க.

வெண்குன்ற நாடு காக்கும் கொற்றமங்கைதேவியாகிய யாம், ஆலந்துறைப் பட்டினத்து மனையதிகாரி அதிகன் விழுப்பரையருக்கு எழுதுவது. உமக்கும் உம் மனையாருக்கும் பட்டினத்து மாந்தர் யாவருக்கும் நலம் உண்டாகுக.

தீவுகளில் மூண்ட போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த குடும்பங்களுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் யாம் அரசுக் குடில்கள் அளித்ததை நீர் அறிவீர். சென்ற ஆவணியில், குடியோலையில் பெயர் பதியாத ஒருவர் தங்கினும் அக்குடும்பம் முழுதும் குடிலை விட்டு நீங்க வேண்டும் என்று அவை தீர்மானித்தது. உள்நாட்டு ஏழைகளுக்கு அதனால் வீடு கிடைக்கும் என்று அமைச்சர் கூறியதை நம்பி, யாமும் முத்திரையிட்டோம்.

அதனால் நேர்ந்ததை, கயிறு திரித்துப் பிழைக்கும் செம்பி என்பவள் ஆறு நாள் நடந்து வந்து எம் அவையில் உரைத்தாள். அவள் பெயரும் இரு பெண்மக்கள் பெயரும் குடியோலையில் உள்ளன. கணவன் சேந்தன் பின்வந்த தோணியில் வந்தவன். அதற்குள் பெயர் பதியும் காலம் முடிந்துவிட்டது. அவன் வெளியேறினால் மற்ற மூவரும் இருக்கலாம் என்று உம் ஏவலர் சொல்ல, அன்றே உப்பளத்துக் கொட்டகைக்குப் போய்விட்டான். மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, தண்ணீர் கேட்கவும் குரலின்றிக் கிடந்தவனை ஐந்தாம் நாள்தான் அவள் கண்டாள். குடிலைப் பூட்டிவிட்டு, மக்களோடு அவளும் அந்தக் கொட்டகைக்கே குடிபோனாள்.

வீட்டைத் தக்கவைக்க வழியிருந்தும் ஏன் விட்டாய் என்று அமைச்சர் வினவினார். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாது எழுதுகின்றோம்: “நாலு பேரும் ஒண்ணா இருக்கத்தாம்மா கடலத் தாண்டி வந்தோம். அவர வெளிய அனுப்பிட்டு நாங்க உள்ள படுக்கறதுக்கு அந்த வீடு எதுக்கு? சாவிய நீங்களே வச்சுக்கோங்க.”

சாவியை எம் முன் வைத்துவிட்டு அழாமல் நின்றாள். அதை எடுக்க எமக்குக் கை எழவில்லை.

பின்னர் ஆளனுப்பி அறிந்தோம். குடிகள் வெளியேற்றப்பட்ட குடில்கள் பதினொன்று. உள்நாட்டார் குடியேறியவை இரண்டே. அடுப்புச் சூடு ஆறாத வீட்டில் புக மனம் ஒப்பவில்லை என்று ஏனையோர் மறுத்துவிட்டனர். ஒன்பது குடில்கள் பூட்டிக் கிடக்க, மக்கள் மழையில் கிடக்கின்றனர்.

ஆகவே அவ்வாணையை இன்றோடு நீக்கினோம். குடியோலையில் ஒருவர் பெயர் இருப்பினும் அக்குடும்பம் முழுதும் குடிலில் வாழும். ஒன்பது குடில்களையும் நீரே நேரில் சென்று திறந்து, உரியவரைத் தேடி அழைத்துக் குடியேற்றுக. இரண்டில் புகுந்த உள்நாட்டாரை வெளியேற்றலாகாது. அவற்றை இழந்தவர்க்கு எம் கோடை மாளிகையின் மரங்களைப் பிரித்துப் புதுக் குடில்கள் எழுப்புக. சேந்தனுக்கு எம் மருத்துவர் மருந்து தருகின்றார். பிழைப்பான் என்று செய்தி வந்தது. அவனை நடக்க விடாது பல்லக்கில் கொணர்ந்து வீடு சேர்ப்பிக்க. தடுப்பவர் எவராயினும் எம்மிடம் வந்து பேசச் சொல்க. கார்த்திகை பிறக்குமுன் யாவும் முடிதல் வேண்டும்.

பிழைபட்ட ஆணைக்கு யாமே பொறுப்பு. அந்தப் பழைய ஓலையை எரித்துவிடாது எமக்கு அனுப்புக. இனி முத்திரையிடும் போதெல்லாம் அது எம் கண்முன் இருத்தல் வேண்டும்.

இவ்வெழுத்து எம் கை. இவ்விலச்சினை எம் சொல்.