முப்பத்தொரு நிறுத்தம்

மார்ச் 3

வேலையை விட்டு மூன்றாவது நாள். பத்தொன்பது வருஷம் பதினேழாம் எண் பஸ்ஸை ஓட்டியவள், இன்று முதல்முறையாக அதில் பயணியாக ஏறப் போனேன். போனவள் என்ன செய்தேன்? நேராகப் போய் டிரைவர் கதவைத் திறந்தேன்! உள்ளே ஹாரன். டிப்போவில் அவனுக்கு அதுதான் பெயர், கை எப்போதும் அதன் மேலேயே இருக்கும்.

"அக்கா, இங்க ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றான். பஸ்ஸே சிரித்தது. மானம் போயிற்று. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முப்பத்தொரு நிறுத்தம். எத்தனை ஆயிரம் பேரை இறக்கிவிட்டிருப்பேன்? நான் சும்மா ஊர் பார்க்க இறங்கியது ஒன்றில்கூட இல்லை. டிப்போவில் ஏறுவேன், டிப்போவில் இறங்குவேன், வீட்டுக்கு நடப்பேன்.

விமானம் ஏற இன்னும் இருபத்தாறு நாள். இரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலையில், நான் இங்கே. போனிலேயே குடும்பம் நடத்தியாச்சு. போதும், வருகிறேன் என்று சொன்னது நான்தான். போகிறேன். ஆனால் முப்பத்தொன்றிலும் இறங்கி, இந்த ஊரை ஆசை தீர அனுபவித்துவிட்டுத்தான் போவேன்.

மார்ச் 6

நிறுத்தம் 4, மணிக்கூண்டு. நூற்றுப்பன்னிரண்டு படி. முழங்கால் என்னைத் திட்டியது, நான் முழங்காலைத் திட்டினேன். உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே நெரிசலில் என் பதினேழு. ஹாரன் சத்தம் மேலேவரை கேட்டது, பாவி.

மார்ச் 7

பெட்டி கட்ட உதவுகிறேன் என்று நாத்தனார் வந்திருக்கிறாள்.

"வீடு போட்டது போட்டபடி கிடக்கு. நீங்க ஊர் சுத்திட்டு வர்றீங்க அண்ணி."

"ஆமா, சுத்துறேன். நாளைக்கும் சுத்துவேன்."

மார்ச் 10

நிறுத்தம் 11, நீச்சல் குளம். கால் மட்டும் நனைப்பதாகப் போனேன். தலைவரை நனைந்து, ஈரத்தலையோடு பஸ்ஸில் நின்றபடி வந்தேன். வெட்கமா? எனக்கென்ன வெட்கம்!

மார்ச் 14

வயிறு எரிகிறது.

கையெழுத்துக்காக அவர் அங்கிருந்து நிரப்பி அனுப்பிய என் விசா விண்ணப்பம். 'தொழில்' என்ற இடத்தில் — இல்லத்தரசி.

உடனே போன் போட்டேன். "யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"அங்க ஓட்டின லைசென்ஸ் இங்க செல்லாதும்மா. மறுபடி படிப்பு, டெஸ்ட்டுன்னு எதுக்கு அலைச்சல்? நீ நிம்மதியா வீட்ல இருப்பேன்னுதான்."

"பத்தொன்பது வருஷம் நான் நிம்மதி இல்லாம இருந்தேன்னு யார் சொன்னா?"

"இப்ப மாத்தினா எல்லாம் முதல்லேர்ந்து. தேதி தள்ளிப்போயிடும்."

"தள்ளட்டும்."

வைத்துவிட்டேன். இல்லத்தரசி என்றால் கேவலமா? இல்லவே இல்லை. ஆனா அது நான் இல்லையே! இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷனுக்கு இது தெரியாதா?

மார்ச் 15

புது விண்ணப்பம். தொழில்: பேருந்து ஓட்டுநர். அழுத்தி எழுதியதில் பின்பக்கமெல்லாம் தடம். பயணச்சீட்டை ரத்து செய்தாயிற்று. "அண்ணன் அங்க தனியா சமைச்சுச் சாப்பிடுறது உங்களுக்குப் பெரிசாத் தெரியல" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 17

மூன்று நாளாக அவர் போன் இல்லை. நிறுத்தம் 16, பறவைப் பூங்கா. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தப்புப் பண்ணிவிட்டேனோ? அவரைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது, அதுவும் உண்மை. இரண்டு வருஷம் பொறுத்தவளால் இன்னும் இரண்டு மாதம் பொறுக்க முடியாதா? முடியும். முகத்தைக் கழுவிக்கொண்டு பதினேழாவது நிறுத்தத்துக்கு நடந்தே போனேன்.

மார்ச் 22

போன் வந்தது. எடுத்ததும், "எத்தனாவது ஸ்டாப்ல இருக்கே?" நாத்தனார்தான் சொல்லியிருப்பாள்.

"இருபத்திரண்டு. படகுத்துறை."

"நான் உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். அதோடு விடுவாரா? "இங்க ஸ்டியரிங் இடது பக்கம், தெரியும்ல? ரோட்டைப் பார்த்தா உனக்குப் பயமா இருக்கும்."

"எனக்கா? என்னைப் பார்த்து ரோடு பயப்படட்டும்."

சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. படகில் இரண்டு முறை போய்வந்தேன்.

ஏப்ரல் 19

நிறுத்தம் 27, நூலகம். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே சுகமான தூக்கம்.

மே 9

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நாளை கிளம்புகிறேன்.

முப்பத்தொன்றாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். எங்கள் தெருமுனை. பஸ்ஸிலிருந்து என் வீட்டுக்கு நான் இறங்கியதே இல்லை. ஹாரன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "இறங்குங்க அக்கா, மெதுவா." நான் தெருவுக்குள் திரும்பும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை. ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. அடித்துத் தொலைத்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

வாசலில் நாத்தனார், கையில் பெட்டிக்கு ஒட்டும் டேப். "உள்ள வாங்க அண்ணி, இன்னும் ஒண்ணும் கட்டல" என்றாள்.

செப்டம்பர் 2

லைசென்ஸ் டெஸ்ட். அவர் லீவு போட்டுக் கூட வந்தார். எதிர்ச்சாரியில் நின்று, என்னைவிட அதிகமாக நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை வேன். கை பழகிய பக்கமே போயிற்று. வலது கதவைத் திறந்தேன். உள்ளே மடியில் கோப்போடு பரிசோதகர். தன் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பிவைத்தேன்.