பாலிசியின் பின்பக்கம்

தை மாசம், செவ்வாய்க்கிழமை

ஊட்டுக்காரர் இறந்து மூணு மாசமாச்சு. இன்னைக்கு மலை இறங்கி இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். நாமினி நான்தான். ஆனா அங்கிருந்த அம்மா பத்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுனாங்க. மிளகு வியாபாரிகிட்ட கடன் வாங்கினப்போ, பாலிசி உரிமையை முழுசா அவர் பேருக்கு மாத்திக் குடுத்தது அதுல பதிவாயிருந்துச்சு.

"கடனைக் கட்டிட்டோமுங்க. பத்திரமும் கைக்கு வந்துருச்சுங்க."

"உரிமையைத் திருப்பி எழுதி வாங்கலீங்களே."

வியாபாரி உசுரோட இல்லை. பஸ் ஸ்டாண்டுல நின்னு அவர் மகனுக்குப் போன் பண்ணேன். "அப்பா பேருல இருக்கறதை விட்டுத்தர முடியாதுங்க்கா"ன்னு வெச்சுட்டான்.

கடன் தீந்த அன்னைக்கு வியாபாரி கோயில்ல சூடத்தை அணைச்சு, இனி தனக்கு ஒரு பாத்தியமும் இல்லைன்னு சத்தியம் பண்ணுனாரு. ஒரு கையெழுத்தும் வாங்கிக்கலாம்னு ஊட்டுக்காரர் என் காதுல சொன்னாரு. சத்தியம் பண்ணுன மனுசன்கிட்ட பேப்பர் கேக்கறதான்னு அவரைக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

ராத்திரி சோறு போடறப்போ ஆபீஸுல நடந்ததை மட்டும் மககிட்ட சொன்னேன். "அப்பாவுக்கு வெவரமே பத்தாதும்மா"ன்னா.

"ஆமா கண்ணு"ன்னு சொல்லிட்டேன்.