பக்கத்தில் கேட்கும் குரல்

கோபக்காரிக்கு,

பாட்டுக்குக் கடைசி மெருகு போடும் மாஸ்டரிங் வேலை கேட்டு, இன்று பெரிய இன்ஜினியர் ஒருவரிடம் போனேன். மாதிரிக்கு நீ பாடியதைத்தான் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கே! யாருப்பா பாடினது?"

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாகியிருந்த உன் குரலை அப்படிப் பக்கத்தில் இழுத்துவரத்தானே நான் மாரடித்தேன்! அது என் கைவேலை என்று எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் சரி, அவங்க நம்பரைக் குடு."

எரிச்சலோடு கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கூப்பிட்டால் உன் அம்மாவிடம் போனை நீட்டி, 'அவ இல்ல'ன்னு சொல்ல வைக்காதே; அந்த மரியாதை எனக்கு மட்டும் இருக்கட்டும். பாட ஒத்துக்கொள்.

ஆனால், வேறு எவனும் உன் குரலில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிடு.

இன்னும் உன் வீட்டுக்காரன்தான்.