நனையாத வயலட்

மார்ச் 3

கம்ப்யூட்டர்க்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் நான் குரலை உயர்த்தியதும் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

நாலு நாளைக்கு முன்னால் எங்கள் செடி வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சிப் புத்தகம் வந்தது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு என் வயலட் பூச்செடி. உங்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. படத்துக்குக் கீழே செடியின் பெயரையும் வளர்த்தவர் பெயரையும் அழகான எழுத்தில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னேன். “அவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலை” என்றீர்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் என் செடியின் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறீர்களே! இதழில் துளி, இலையில் துளி, காம்பில் தொங்குகிற துளி. அடைமழையில் நனைந்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. என் செடி பிறந்ததிலிருந்து மழையைப் பார்த்ததே இல்லை.

வயலட் இலையில் தண்ணீர் படக் கூடாது. பட்டால் அந்த இடம் வெளுத்துப் புள்ளி விழும். நடுக்குருத்தில் தேங்கினால் செடியே அழுகிப்போகும். சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இது தெரியும். மறுநாள் காலையிலேயே செயலாளர் போன் செய்துவிட்டார், அந்தப் பல் டாக்டர்தான். “என்னம்மா, செடியக் குளிப்பாட்டிட்டுத்தான் போட்டோ எடுப்பீங்களா?” என்று ஒரே சிரிப்பு. பின்னால் வேறு யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. “அது நெசத் தண்ணியில்ல டாக்டர், எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல போட்டது” என்றேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. “அப்போ இதழ் ஓரத்துல இருக்கிற நீலக் கோடும் அவர் போட்டதுதானான்னு நடுவருங்க கேப்பாங்களேம்மா?” என்றார்.

அந்த நீலக் கோட்டுக்காக ஆறு வருடம் தூரிகையும் கையுமாக உட்கார்ந்தேன். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் வைத்து, விதை பிடித்து, முளைக்க வைத்து, வேண்டாததைக் கழித்து வந்த கோடு அது. இப்போது திருத்தாத படம் மாதக் கடைசிக்குள் போகாவிட்டால், புது ரகங்களின் பட்டியலில் என் செடிக்கு இடமில்லை.

இது போதாதென்று அடுத்த தெருத் தையல்காரம்மா, என்னிடம் வாங்கின சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இலை முழுக்க வெள்ளைப் புள்ளி. “புத்தகத்துல உங்க செடியே நனைஞ்சுதானே இருக்கு? நானும் தெளிச்சேன்” என்கிறார். வேறு செடி கொடுத்து அனுப்பினேன்.

கேமரா கார்டை நீங்கள்தான் கழற்றிக்கொண்டு போனீர்கள். இங்கே பூ உதிர்ந்துவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை. ஒரிஜினல் படத்தை உடனே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செடிக்காரி


மார்ச் 8

அன்புள்ள செடிக்காரிக்கு,

எனக்கு ‘அன்புள்ள’ எழுதக் கை வருகிறது, எழுதிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அதுவும் குற்றமா என்று தெரியவில்லை.

வாளித் தண்ணீரைக் கொட்டினேன் என்கிறாய். கொட்டவில்லையம்மா, ஒவ்வொன்றாக வைத்தேன். ரெடிமேடாகத் துளிப் படங்கள் கிடைக்கின்றன, எடுத்து ஒட்டினால் முடிந்தது வேலை. ஆனால் அவை கோலிக்குண்டு உருட்டிவிட்ட மாதிரி நிற்கும். எனக்கு அது பிடிக்காது. உன் படத்தில் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே துளியின் இடது மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்கு நேர் எதிர்ப்பக்கம், துளிக்கு உள்ளேயே, லேசான பிரகாசம், ஏனென்றால் தண்ணீர் வெளிச்சத்தை வாங்கி அந்தப் பக்கம்தான் விடும். அதற்கும் வெளியே நிழல். துளிக்கு அடியில் இலை நரம்பு கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும். எந்தத் துளியும் இன்னொரு துளி மாதிரி இருக்கக் கூடாது. இரண்டு நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. எங்கள் ஆர்ட் டைரக்டர் வந்து திரையை விரலால் தொட்டுப் பார்த்து, “யோவ், கை நனையுதுய்யா” என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உன்னிடமிருந்தும் ஒரு ‘நல்லாயிருக்கு’ வரும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வந்தது இந்தக் கடிதம். யாருக்காகச் செய்தேன்? அந்தப் புத்தகத்தில் மற்றவர்களின் பூக்களைப் பார்த்தாயா? பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கின்றன. உன் பூ மட்டும்தான் உயிரோடு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வேலையை நீ ‘பட்டன் அமுக்குற வேலை’ என்றுதான் சொல்லியிருக்கிறாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று பார்த்திருக்கிறாயா? எனக்கும் கோபம் வரும். எனக்கும் உப்புப் போட்ட சோறுதான்.

ஒரிஜினலைத் தேடுகிறேன். இங்கே வேலைக்கு வந்து வீடு எடுத்து மூன்று மாதம் ஆகிறது. தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் பாத்திரம் கழுவி அலுத்துவிட்டது. எப்போது வருகிறாய்? அதற்கு மட்டும் உன் கடிதத்தில் பதிலே இல்லையே.

உன்
கம்ப்யூட்டர்க்காரன்


மார்ச் 13

துளி வரைந்தவருக்கு,

பதில் வந்தது, படம் வரவில்லை.

நீங்கள் சொன்னீர்களே என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு துளித் துளியாகப் பார்த்தேன். வெள்ளைப் பொட்டு இருக்கிறது, எதிர்ப்பக்கப் பிரகாசம் இருக்கிறது, நரம்பும் பெரிதாகத்தான் தெரிகிறது. அச்சு அசல் தண்ணீர். பட்டன் அமுக்குற வேலை என்று நான் சொன்னது தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்கு அபாரமான கை. அதனால்தானே தையல்காரம்மா ஏமாந்தார்?

ஆனால் அதே பூதக்கண்ணாடியில் இன்னொன்றும் பார்த்தேன். இலையில் முடியைக் காணோம்! வயலட் இலை என்றால் பூனைக்குட்டியின் காது மாதிரி மேலெல்லாம் பொடி முடி இருக்கும். உங்கள் படத்தில் இலை சோப்புப் போட்டுக் கழுவிய பீங்கான் தட்டு. சுத்தமாக மழித்துவிட்டிருக்கிறீர்கள்! ஏன்? முடி மேல் துளி சரியாக உட்காரவில்லையா?

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். தினமும் காலையில் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சட்டிகளை அதில் இறக்கி, அடியிலிருந்து அவை தண்ணீர் குடிக்க வைத்தேன். தினமும் நீங்கள் காபி டம்ளரோடு வந்து, “கழுவ இடமில்ல, இந்தச் சட்டியெல்லாம் எடு” என்று கத்தினீர்கள். மற்றவர்கள் எல்லாரும் செடிக்கு மேலேதானே ஊற்றுகிறார்கள், இவள் மட்டும் ஏன் தொட்டியில் முக்குகிறாள் என்று உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? ஒரு தடவை ‘ஏன்டி?’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! அந்த இலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இரண்டு நாள் பார்த்தீர்களாம். வயிறு எரிகிறது.

நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பதும் உண்மைதான். அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் வருவதைப் பற்றியும். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இத்தனை சட்டிகளையும் வைத்துக்கொண்டு சட்டென்று கிளம்ப முடியுமா? அவசரப்படுத்தாதீர்கள். முதலில் படத்தை அனுப்புங்கள்.

செடிக்காரி


மார்ச் 19

அன்புள்ள என் செடிக்காரிக்கு,

கோபப்படாமல் படி. ஒரிஜினல் இல்லை.

எங்கள் வேலையில் படத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித்தான் வரைவோம். வேண்டாமென்றால் மேல் தாளை எடுத்துவிடலாம், அடியில் படம் பத்திரமாக இருக்கும். அச்சகத்துக்கு அனுப்புகிற அவசரத்தில் எல்லாத் தாளையும் ஒன்றாக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவன் செய்கிற தப்பு. கார்டையும் அழித்து ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முடி விஷயம். சத்தியமாக அதைப் பூஞ்சை என்று நினைத்தேன். உன் செடிக்கு ஏதோ நோய் வந்திருக்கிறது, புத்தகத்தில் தெரிந்தால் உனக்கு அவமானம் என்று நினைத்துத்தான் துடைத்தேன். திட்டாதே.

இதற்கு வழி இருக்கிறது. துளிகளை எடுத்துவிட்டு, இலையில் முடியை ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். பாதி இலை முடிந்துவிட்டது. எந்த நடுவர் எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் பொறுப்பு.

இனி நல்ல செய்தி. சட்டிகளை வைத்துக்கொண்டு எப்படிக் கிளம்புவது என்று எழுதியிருந்தாய் அல்லவா? உனக்கு அந்தக் கவலையே வேண்டாம். நானே வீட்டு ஓனருக்குப் போன் போட்டு அடுத்த மாதம் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம். லாரிக்கும் சொல்லியாயிற்று. இங்கே பால்கனி முழுக்க உன் செடிகளுக்குத்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுள்ளென்று வெயில் அடிக்கிறது. இந்தக் கட்டடத்திலேயே இப்படி ஒரு பால்கனி யாருக்கும் கிடையாது.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று நாம் இருவரும் செடி அலமாரிக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவை லேசாகச் சரிசெய்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். சின்னப் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டாவது சிரி.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
உன்னவன்


மார்ச் 28

வணக்கம்.

முடி வரைவதை நிறுத்துங்கள். வரைந்த படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். என்னிடம் படம் இல்லை, செடி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று பல் டாக்டரிடம் சொன்னேன். இரண்டு நடுவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இலைக்கு அடியில் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது மொட்டு ஒன்று பாதிதான் விரிந்திருந்தது. நீலக் கோடு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. “கோடு நெசந்தாம்மா, சந்தேகமே இல்ல. ஆனா முழுப் பூவையும் பாக்காம கையெழுத்துப் போட விதி எடங்கொடுக்காது” என்றார். இந்த வருடப் பட்டியலில் என் செடி இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அந்த மொட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடம் போயிற்றே என்றுதான் அழுதேன், வேறு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வீட்டு ஓனர் வாசலில் ‘வாடகைக்கு’ என்று போர்டு மாட்ட வந்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “உங்க வீட்டுக்காரர் சொல்லலியாம்மா? காலி பண்றீங்கன்னாரே” என்கிறார். நான் இருக்கிற வீட்டை நான் காலி செய்யப் போவது எனக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டுமா? யோசிக்கிறேன் என்று எழுதியவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க உங்களுக்கு என்ன கேடு? போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். வாடகை ஒப்பந்தத்தை இனி என் பெயரில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லாரிக்காரருக்கு நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நேர்வெயில் பட்டால் வயலட் இரண்டே நாளில் கருகிவிடும். அதனால்தான் இங்கே எல்லாச் சட்டிகளும் வெயில் படாத ஜன்னல் பக்கம் இருக்கின்றன. உங்கள் பால்கனியில் துணி காயப் போடுங்கள், நன்றாகக் காயும்.

இந்தக் கடிதத்தை இதோடு முடித்திருப்பேன். கோபம்தான், நாலு நாளில் ஆறிவிடும், ஏதாவது ஒரு வழி பண்ணலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உங்கள் கடித உறையிலிருந்து அந்தப் போட்டோ விழுந்தது.

ரொம்ப நேரம் பார்த்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அன்றைக்குச் சட்டி மாற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். என் நகமெல்லாம் மண். கையில் அடுப்புச் சுட்ட தழும்பு. முன்தலையில் நரை. கண்ணுக்குக் கீழே நிஜமாகவே கருப்பு விழுந்திருந்தது, நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள் என்று முந்தின நாள் முழுக்க அழுதிருந்தேன். படத்தில் இது ஒன்றுமே இல்லை. எதற்காக இதையெல்லாம் துடைத்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அன்பால்தான் செய்தேன் என்பீர்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

அந்தப் பெண் அழகாகத்தான் இருக்கிறாள், பொய் சொல்லக் கூடாது. வெளிச்சம்கூட சரியான பக்கத்திலிருந்துதான் விழுகிறது. சுத்தமான கை, செடி வைத்துக்கொண்டு உங்கள் தொட்டியை அடைக்கமாட்டாள். வெயிலும் அவளை ஒன்றும் செய்யாது. ஹாலில் அவளோடு நன்றாக இருங்கள்.

நான் வரவில்லை.

— நகத்தில் மண் உள்ளவள்