குழி ஒட்டிவிட்டது, சாமி

வெண்ணந்தூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகன் மதனுக்கு அப்பா குமாரசாமி ஆசையோடு எழுதுவது. இங்கு நானும் உங்கம்மாவும் தறிகளும், இந்தத் தடவை என் இடது இடுப்பும் சேர்த்து, எல்லோரும் சுகம். அதேபோல் நீயும் நீ போர் போடுகிற ரிக் வண்டியும் அந்தத் தான்சானியாச் செம்மண்ணில் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமென்றால் உனக்கு டவர் கிடைக்கிற நேரத்தில் எனக்குக் கிடைப்பதில்லை, எனக்குக் கிடைத்தால் உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். புதன்கிழமை அவள் டாக்டரு என்ன சொன்னாருன்னா என்று ஆரம்பித்து, பஸ்ஸில் யார் யார் வந்தார்கள் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. லீவு முடிந்து சிவக்குமார் நாளைக்கு உன் கேம்ப்புக்குத்தான் கிளம்புகிறான், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் எங்காவது ஈரம் பட்டிருந்தால் அது ஊறுகாய் எண்ணெய், அப்பன் அழுதான் என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். குழி ஒட்டிவிட்டது சாமி! ரெண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்! மாசியில் தொடை இடுக்கில் வலி திரும்ப வந்ததிலிருந்து நாங்கள் இருந்த இருப்பு உனக்கே தெரியும். போன சித்திரையில் ஆபரேஷன் முடிந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார், இடுப்பில் உடைந்தது ஆட்டுக்கல்லின் குழி மாதிரி, அதை பிளேட் வைத்து முறுக்கிச் சேர்த்தாகிவிட்டது, ஆனால் அதில் உட்கார்ந்து சுற்றுகிற குழவி, அதாவது தொடையெலும்பின் உருண்டை, அடிபட்டதில் ரத்த ஓட்டம் நின்று மெதுவாகச் செத்துப்போகவும் கூடும், அப்படியானால் உருண்டையையே மாற்ற வேண்டிவரும், ஒரு வருஷம் போய்த்தான் தைரியமாகச் சொல்ல முடியும் என்று. வலி வந்ததும் நான் முடிவே கட்டிவிட்டேன். உட்கார்ந்தால் குழவி செத்துவிட்டது, எழுந்தால் செத்துவிட்டது, தும்மினால்கூட செத்துவிட்டது. உங்கம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதையே விட்டுவிட்டு, அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று கடையில் மாவு வாங்க ஆரம்பித்தாள். அந்தப் புளிச்ச மாவு தோசையைத் தின்றதில்தான் என் மனசு கஷ்டப்பட்டது.

புதன்கிழமை சேலத்தில் படம் எடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். உங்கம்மா பக்கத்திலிருந்த ஒரு அம்மாளிடம், ஏனுங்க, உங்க வீட்டுக்காரருக்கு உருண்டையா குழியாங்க என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிளேட்டும் ஸ்க்ரூவும்தான், ஹார்டுவேர் கடையை விழுங்கியவன் மாதிரி இருந்தேன். பிறகு அவர் நாற்காலியைத் திருப்பி, அய்யா, உருண்டை உருண்டையாத்தான் இருக்குது, குழி நல்லா கூடியிருக்குது, நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியும் அப்படியே இருக்குது, உங்களுக்கு ஆபரேஷன் எதுவும் இப்ப வேண்டாம் என்றார். உங்கம்மா நிசமாலுமுங்களா, நிசமாலுமுங்களா என்று அவரைக் கேட்ட கேள்வியில் அவரே ஒரு தடவை படத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் வலி ஏன் என்று கேட்டேன். அதற்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற மோகனப்பிரியா என்கிற பொண்ணை வரச்சொன்னார். அந்தப் பொண்ணு என்னை நடக்கவிட்டு, திரும்ப நடக்கவிட்டு, படுக்கவைத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னது. காலை ஒரு சாண் தூக்கியதும் கிடுகிடுவென்று நடுங்கி விழுந்துவிட்டது. அய்யா, தை மாசம் வரைக்கும் பண்ணினீங்க, கைத்தடியை ஓரங்கட்டினதும் பயிற்சியையும் ஓரங்கட்டிட்டீங்களா, நீங்க ஆடி ஆடி நடக்கிறதுக்குக் காரணம் குழியில்லை, சோம்பல் என்று சிரிக்காமல் சொல்லிவிட்டது. இடுப்பின் பக்கத்துச் சதை இன்னும் பலப்படவில்லையாம், அது தாங்காததால் வலிக்கிறதாம். உங்கம்மாவுக்கு உருண்டை பிழைத்ததைவிட இதில்தான் சந்தோஷம் அதிகம். ராசிபுரம் வரைக்கும் பஸ்ஸில் ஏறினவர்களுக்கெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது சோம்பலுங்க, வேறொண்ணுமில்லீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்துத் தறிப்பட்டறை நாச்சிமுத்து மாமன் கேள்விப்பட்டு வந்து, நான் அப்பவே முட்டைப்பத்துப் போடச் சொன்னேன், போட்டிருந்தா ஆடியிலேயே ஓடியிருப்பீங்க மாப்பிள்ளை என்றார். குழி இருப்பது உடம்புக்கு உள்ளே, நாமக்கல் முட்டை அத்தனையையும் உடைத்து ஊற்றினாலும் அங்கே போகாது என்றேன். அவர் விடவில்லை, குறுக்கே பாவு நூல் சுற்றின நீள பீமைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிறவன், நின்றிருக்கிற கரும்பு டிராக்டருக்கும் புளியமரத்துக்கும் நடுவில் எவனாவது நுழைவானா என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷம் ஆட்டையாம்பட்டியிலிருந்து பாவு ஏற்றி வந்தவன், என் அகலத்தை மட்டும் கணக்குப்போட்டு பீமின் அகலத்தை மறந்துபோனேன். அந்தப் பாவில் ஒரு இழைகூட அறவில்லை என்று மட்டும் சொன்னேன். அதை ஓட்டி முடித்தது உங்கம்மா, நான் கட்டிலில் கிடந்தபடி தறிச் சத்தத்தை வைத்தே தப்புக் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

இனி ஒரு வேடிக்கை கேள். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறபோது உங்கம்மா திடீரென்று நின்று, அப்ப ஆடிப் பண்டிகைக்கு உருளுதண்டம் போட்டுடலாமுங்க என்றாள். யார் போடுவது என்றேன். நீங்கதானுங்க என்றாள். போன வருஷம் ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் எழுந்து நடந்துட்டா உன் கோயிலைச் சுத்தி உருளுவாருன்னு மாரியம்மனிடம் வாக்குக் கொடுத்துவிட்டாளாம். இடுப்பு உடைந்தவனுக்காக அவன் இடுப்பையே வைத்து வேண்டிக்கொண்டவள் உலகத்தில் உங்கம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். விடாமல் என்னை இழுத்துக்கொண்டு திரும்பவும் டாக்டரிடம் போனாள். அவரும் சேலத்துக்காரர், உருளுதண்டம் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். எத்தனை சுற்று வேண்டுமானாலும் நடங்க, உருளுவது மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார். கூடவே முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, ஒரு தடவை உடைந்த குழி அய்யா, வருஷா வருஷம் படம் எடுக்கணும், குந்தி உட்காரக்கூடாது, பீம் தூக்கக்கூடாது, தேய்ந்தால் பின்னாடி பார்த்துக்கலாம், ஆனா இன்னைக்கு நிம்மதியாப் போங்க என்றார். நான் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன், மற்றதையெல்லாம் உங்கம்மா எடுத்துக்கொண்டு வந்தாள்.

சாமிக்குச் சொன்னதை எப்படி மாற்றுவது என்று நேற்று பூசாரியைக் கேட்டோம். எந்த வாய் வேண்டியதோ அந்த உடம்பே உருளலாம், வீட்டுக்காரர் கூடவே நடந்து வரட்டும், ஆத்தா ஏத்துக்குவா என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உங்கம்மா சிரிக்கவில்லை, ஆடிக்குள் உடம்பைக் குறைக்கவேண்டும் என்று தோசையை ரெண்டாக்கிவிட்டாள், அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும். காலையில் ரெண்டு பேரும் ஏரிக்கரையில் நடக்கிறோம். மூச்சு வாங்கினாலும் நிற்க விடமாட்டேன் என்கிறாள், பக்கவாட்டில் கால் தூக்குவதை அவளே எண்ணுகிறாள், எண்ணும்போது பேச்சில் கவனம் போய் பாதியிலிருந்து திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். அவள் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன், நீங்கதானுங்க, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றாள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். எனக்கு ரெண்டாவது ஆபரேஷன் நடந்தால் பட்டறையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நீ வேலையை விடப்போவதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டாய் என்று சிவக்குமார் நேற்று வந்து சொன்னான். எங்களிடம் சொல்லாமல் முடிவெடுத்திருக்கிறாய். கேட்டதும் உங்கம்மா உள்ளே போய்விட்டாள், நானும் தறியை நிறுத்திவிட்டுக் காகிதம் தேடினேன். உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணி வந்த அன்றைக்கு அந்த ஊர்ச் சனங்கள் கைதட்டியதை நீ போனில் சொன்ன சொல்லே தனி, பட்டறையைப் பற்றி நீ ஒரு நாளும் அப்படிப் பேசினதில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. உன் இடத்துக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லையாம். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே மேனேஜரைப் பார்த்து, எங்கப்பாவுக்குக் குழி ஒட்டிடுச்சு, நான் போகலைங்க என்று சொல்லிவிடு. வெட்கப்பட்டால் எல்லாப் பழியையும் என் சோம்பல் மேல் போட்டுச் சொல்லு, அது எதையும் தாங்கும்.

ஆடிப் பண்டிகைக்கு லீவு கிடைத்தால் வா. என்னைத் தூக்கிப் பிடிக்க வராதே சாமி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில், உன்னைக் கூட்டிப்போக நான் நடந்து வாரேன்.

பைப் ஏற்றும்போது அடியில் நிற்காதே, காதுக்கு அடைப்பு வைத்துக்கொள், ஊறுகாயைச் சிவக்குமாரோடு பங்கு போட்டுச் சாப்பிடு, அவன் வழியிலேயே பாதி தின்றிருந்தால் அதோடு அவன் பங்கு முடிந்துவிட்டது என்று அவனிடம் சண்டை போடாதே. மாரியம்மன் துணையிருந்து உனக்கு நல்ல உடம்பும், தோண்டுகிற குழியிலெல்லாம் தண்ணியும் கொடுக்கட்டும். மேனேஜரிடம் சொல்ல மறந்துவிடாதே, சொல்லிவிட்டதை உங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை மெசேஜ் போட்டுவிடு, அதுவரைக்கும் அவள் என்னை இன்னும் வேகமாக நடக்கச் சொல்லுவாள்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே இதை எழுதி முடித்த உன் அப்பா,
வெ. குமாரசாமி