என் காசு, என் கையில்

ஜூன் 2, செவ்வாய்

விசா வந்துவிட்டது. வங்கிக்குப் போய் வந்தேன். பயணம் போகிறவருக்கு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாற்றித் தரும் யூரோவைக் கப்பல் ஏறும் அன்று துறைமுகத்தில்தான் கொடுப்பார்களாம். அதை வைத்து அக்கரையில் மார்செய் நகரில் தங்கலாம், சாப்பிடலாம். அங்கே ஐஸ் கடை வைத்திருக்கும் மதாம் அராக்ஸி விற்கிற இயந்திரத்தை வாங்க முடியாது. நம் தினாரை அக்கரையில் எவனும் தொட மாட்டான். நம் வங்கி அட்டையை அங்கே கொண்டுபோனால் ரொட்டியில் வெண்ணெய் தடவத்தான் உதவும்.

அண்ணன் மிலூதின் காபிக் கடையில் வருடக்கணக்காக நான்தான் கிரெப்போனே செய்கிறேன். அந்த எலுமிச்சை ஐஸுக்காகவே எங்கள் ஊர் ஒரானில் பாதி அங்கே வருகிறது. பலகையில் யார் பெயர்? அவன் பெயர். போதும். எனக்கென்று ஒரு கடை வேண்டும்.

ஜூன் 4

மதீனா ஜதீதா சந்தையில் நோட்டு மாற்றுகிறவர்கள் நிற்கும் மூலைக்கு நானே போனேன். ஆண்கள் மட்டுமே போகும் இடம்.

"ஏன்க்கா, வீட்டுல ஆம்பள யாரும் இல்லையா?" என்றான் ஒருவன்.

"இருக்கான். அவனுக்குக் கணக்கு வராது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விலையையும் ஏற்றினார்கள். மாற்றாமல் திரும்பினேன்.

இரவு சாப்பாட்டின்போது அண்ணன் சொன்னான்: "ஊர்ல எல்லாரும் பண்றதைப் பண்ணு. தினாரை இங்க பெரியம்மாகிட்ட குடு, அவங்க பையன் நஸ்ரு அங்க யூரோவா குடுப்பான். வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்."

அது சரிதான். அக்கரையில் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் இப்படித்தான். பிள்ளை அங்கே யூரோ கொடுப்பான், தாய் இங்கே தினார் வாங்கிக்கொள்வாள். காசு கடல் தாண்டுவதே இல்லை. ஆனால் அண்ணன் எப்போதிலிருந்து எனக்கு இவ்வளவு உதவியாக ஆனான்?

ஜூன் 9

பெரியம்மா கெய்ராவிடம் மொத்தத் தினாரையும் கொடுத்துவிட்டேன். ரவை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். யூரோ என் கைக்கு வந்து நான் போன் செய்த பிறகுதான் இங்கே தினார் கை மாற வேண்டும். அதுதான் முறை. சொந்தப் பெரியம்மாவிடம் அப்படிச் சொல்ல வாய் வருமா?

ஜூன் 14

கப்பலில். படுக்கை இல்லை, நாற்காலிதான். பக்கத்தில் அண்ணனும் இல்லை. நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 16

இயந்திரத்தைப் பார்த்தேன். பழசு, ஆனால் ஓட்டிப் பார்த்தால் சத்தம் சுத்தமாக இருக்கிறது. மதாம் அராக்ஸி கடையை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போகிறாள். "சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருப்பேன். அப்புறம் இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்" என்றாள்.

மாலை ஒரு காபிக் கடையில் நஸ்ருவைப் பார்த்தேன். சில நோட்டுகளை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"கைச்செலவுக்கு வெச்சுக்கங்கக்கா."

"மீதி?"

"அவ்ளோ காசைக் கையில வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? மிஷினை நாளைக்கு நான் வந்து பாக்கறேன். இதெல்லாம் ஆம்பளைங்க பேசற பேச்சு."

எனக்கு நாற்பத்து நாலு வயது. இவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். நோட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 17

நஸ்ரு வரவில்லை. நான்தான் போன் செய்தேன். மென்று விழுங்கிக் கடைசியில் கக்கினான்: "மிலூத் அண்ணன்தான்... 'ஊரைச் சுத்திப் பாக்கட்டும், துணிமணி வாங்கட்டும், மிஷினுக்கு மட்டும் குடுக்காத'ன்னாரு. மீதியை அவர்கிட்டயே தீர்த்துக்கறேன்க்கா. அம்மாகிட்ட சொல்லிராதீங்க, அவங்களுக்கு பிரஷர் இருக்கு."

அவர்கிட்ட தீர்த்துக்கறானாம்! என் காசுடா அது. நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பிழிஞ்சு விரல் வெந்த காசு. அவன் யாரு எனக்குக் குடுக்கறதுக்கும் குடுக்காம இருக்கறதுக்கும்? நான் போனா கடை படுத்துரும்னு பயம் அண்ணனுக்கு. அதை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல — அதான் கடலுக்கு அந்தப் பக்கம் ஆள் வெச்சுப் பூட்டியிருக்கான்.

அழுதேன். ஆத்திரத்தில்தான். வெறுங்கையோடு திரும்ப மாட்டேன்.

ஜூன் 18

பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். பிரஷராவது ஒன்றாவது.

போனிலேயே வெடித்தாள்: "என் வயித்துல பொறந்தவன் ஒரு பொம்பள காசைப் புடிச்சு வெச்சிருக்கானா? நல்லாக் கேளுடி ஸுலீகா. உன் தினாரு அப்படியே டப்பாவுல இருக்கு. நீ சொல்ற ஆளு வாசல்ல வந்து நின்னா நான் எண்ணிக் குடுக்கறேன். யூரோவை நீ தேடிக்க. அவன்கிட்டப் போய்க் கெஞ்சினேன்னு தெரிஞ்சுது, உன் காலை ஒடிச்சிருவேன்!"

யூரோவை எங்கே தேடுவது? நாளை ஒரானுக்குக் கப்பல் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊர் போகிற குடும்பங்கள் கார்களில் வரிசையாக நிற்கும். அவர்கள் எல்லோரிடமும் யூரோ இருக்கும், எல்லோருக்கும் தினார் வேண்டும்.

ஜூன் 19

கூரைமேல் சைக்கிளும் மெத்தையும் கட்டிய கார்கள். ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டினேன். "ஒரான்ல உங்க ஆள் யாரையாவது எங்க பெரியம்மா வீட்டுக்கு அனுப்புங்க. தினாரை வாங்கி எண்ணிட்டு உங்களுக்கு போன் பண்ணட்டும். அப்புறம் எனக்கு யூரோ குடுத்தாப் போதும்."

சிலர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். ஒரு மீசைக்காரர் சிரித்தார். "பொம்பளையெல்லாம் நோட்டு மாத்த வந்தாச்சா?"

பக்கத்தில் இருந்த அவர் மனைவி குனிந்து என்னைப் பார்த்தாள். "போன வருஷம் ஆம்பளகிட்டதான மாத்தினீங்க? பாதிக் கட்டு வெள்ளைக் காகிதமா இருந்துச்சே, மறந்துபோச்சா?" உடனே போனை எடுத்துத் தங்கையைப் பெரியம்மா வீட்டுக்கு விரட்டினாள்.

காத்திருந்தோம். வெயிலில் எனக்கு நாக்கு வறண்டது. தங்கை பேசினாள். பின்னால் பெரியம்மாவின் குரல்: "நல்லா எண்ணிக்கம்மா, அப்புறம் வந்து சண்டை போடாத!" அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து யூரோவை என் கையில் வைத்தாள். அதைப் பார்த்துப் பின்னால் இருந்த காரிலும் ஜன்னல் இறங்கியது. அதற்குப் பின்னாலும்.

கப்பல் கிளம்புவதற்குள் தேவையானது சேர்ந்துவிட்டது.

ஜூன் 20, சனி

மதாம் அராக்ஸி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கூட யாரும் வரலையா?"

"வர வேண்டியது காசுதானே? வந்திருக்கு."

பேரம் பேசினேன். குறைத்தாள். ரசீது என் பெயரில்.

ஜூன் 27

ஒரான். அண்ணன் துறைமுகத்துக்கே வந்துவிட்டான். இயந்திரம் இருந்த மரப்பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏது காசு?"

"என் காசு."

"அப்ப என் கடையில யார் கிரெப்போனே போடறது?"

"கத்துக்க" என்றேன். பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிடப் போனேன்.

ஆகஸ்ட் 11

கடை திறந்து இன்றோடு இரண்டு வாரம். மாலையில் பெரியம்மா வந்தாள். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, புளிப்பு போதாது என்று குறை சொன்னாள். கூட்டம் குறைந்ததும் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். விசா குத்தியிருந்தது.

"மார்செய் போறேன். நஸ்ரு அங்க போய் இத்தனை வருஷத்துல ஒரு தடவை என்னை வான்னு சொல்லல. நானா போய்க் கதவைத் தட்டறேன். துறைமுகத்துல புடிச்ச மாதிரி ஆளைப் புடிச்சு எனக்கு யூரோ மாத்திக் குடு."

"எவ்ளோ பெரியம்மா?"

"திரும்பி வர்ற டிக்கெட்டுக்கும் சேத்துக் குடு. அவன் குடுத்து நான் ஊர் வந்து சேரக் கூடாது."